மூச்சு விடாமல் ஒரகடம் வரை

போன வாரம் ஒரு கல்லூரி மாணவி எனக்கு எழுதியிருந்தாள். கல்லூரிக் கூடைப்பந்து அணியில் ஆடுகிறாளாம். சனிக்கிழமைகளில் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் உள்ள சிறப்புப் பள்ளி ஒன்றில் தொண்டு செய்யப் போக வேண்டும் என்று ஆசையாம். எப்படிப் போவது, எவ்வளவு நேரம் ஆகும், பயிற்சியையும் இதையும் சேர்த்துச் சமாளிக்க முடியுமா என்று கேட்டிருந்தாள். கோயிலும் அருவியும் இட்லிக்கடையும் எழுதிக்கொண்டிருக்கும் என்னிடம் இதைக் கேட்க அவளுக்கு எப்படித் தோன்றியதோ தெரியவில்லை. ஆனால் சரியான ஆளிடம்தான் கேட்டிருக்கிறாள். 1991இல் நான் அதே சாலையில், அதே வேலைக்காக, நான்கு மாதத்துக்கும் மேலாகச் சனிக்கிழமை தவறாமல் போய்வந்தேன்.

அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. வீடு பூந்தமல்லியில். சென்னையில் ஒரு பெண்கள் கல்லூரியில் பி.காம். இரண்டாம் ஆண்டு. கல்லூரிக் கபடி அணியில் ரைடர். திங்கள் முதல் வெள்ளி வரை காலை ஆறு மணிக்கு மைதானத்தில் நிற்க வேண்டும். நாட்டு நலப்பணித் திட்டத்தில் எத்தனை மணி நேரம் வேலை செய்தோம் என்று எழுதிக் காட்ட ஒரு சின்ன டைரி வைத்திருந்தேன். பேருந்து நேரம், கட்டணம் எல்லாம் அதில் கிறுக்கியிருக்கிறேன். கீழே வரும் கணக்கெல்லாம் அந்த டைரியிலிருந்துதான், என் ஞாபகத்தை நம்பி எழுதவில்லை.

பள்ளி மண்ணூரில் இருந்தது. காதுகேளாத பெண்பிள்ளைகள் தங்கிப் படிக்கும் பள்ளி. பூந்தமல்லியில் காலை 7.10க்கு வண்டி. செம்பரம்பாக்கம் ஏரிக்கரை இடதுபுறம் கொஞ்ச தூரம் கூடவே வரும், ஜன்னல் ஓரம் கிடைத்தால் நல்ல காற்று. பன்னிரண்டு கிலோமீட்டரில் மண்ணூர்க் கூட்டு ரோடு, கட்டணம் ஒன்றே முக்கால் ரூபாய். அங்கிருந்து நாலு கிலோமீட்டர். பேருந்து வந்தால் பத்து நிமிடம், வராவிட்டால் நடந்தால் ஐம்பது நிமிடம். பெரும்பாலும் வராது. எங்கே போகிறாய் என்று கேட்ட நடத்துநரிடம் முதல் நாள் பள்ளியின் பெயரைச் சொன்னேன். "ஊமை ஸ்கூலாமா? அப்டி சொல்லு" என்றார். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அந்த வட்டாரத்தில் அந்தப் பெயரைச் சொன்னால்தான் வழி காட்டினார்கள்.

தலைமையாசிரியை ரோஸ்லின் டீச்சர். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், நாற்பத்தைந்து வயதிருக்கும், வெள்ளைப் புடவை, கையில் எப்போதும் சாவிக்கொத்து. பேச்சு வகுப்பும் அவர்தான் எடுப்பார். பிள்ளையின் கையைத் தன் தொண்டையில் வைத்து, தான் ஒரு சத்தம் எழுப்பி அந்த அதிர்வைக் காட்டுவார். பிறகு அதே கையைப் பிள்ளையின் தொண்டைக்கு மாற்றி, "சொல்லு" என்பார். அரை மணி நேரத்தில் ஒரு 'மா' வரும். அதற்கே அந்த அறையில் எல்லோருக்கும் வியர்த்திருக்கும்.

நான் போனது பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லித்தர. இரண்டாவது சனிக்கிழமையே கணக்கு போரடித்துவிட்டது, எனக்கும் அவர்களுக்கும். பள்ளிக்குப் பின்னால் வெறும் மண்தரை கிடந்தது. குச்சியால் கோடு கிழித்துக் கபடி ஆட ஆரம்பித்தோம். பதினேழு வயது அமலாவை அன்றுதான் முதலில் சரியாகப் பார்த்தேன். ஒல்லி, நீளமான கை, எதிராளி எந்தக் காலில் பாரம் வைத்திருக்கிறாள் என்று பார்த்தே அடுத்த அடியைத் தீர்மானிப்பவள். எங்கள் கல்லூரி அணியில் அந்தக் கண் யாருக்கும் இல்லை, எனக்கும் இல்லை.

கபடி ஆடாதவர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். ரைடு போகிறவள் எதிர் எல்லைக்குள் இருக்கும் வரை ஒரே மூச்சில் 'கபடி கபடி' என்று சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். அதைப் பாட்டு என்போம். பாட்டு அறுந்தால் அவுட். இதைத்தான் கரும்பலகையில் பெரிய எழுத்தில் எழுதிக் காட்டினேன்: 'மூச்சு விடாமல் கபடி கபடி என்று சொல்ல வேண்டும்.' எல்லோரும் படித்துத் தலையாட்டினார்கள். பிறகு ஒவ்வொருத்தி ரைடு போகும்போதும் நான் நடுக்கோட்டு ஓரத்தில் நின்று, தொடையில் தட்டித் தாளம் போட்டு, கூடவே 'கபடி கபடி' என்று உரக்கச் சொல்லுவேன். அவர்கள் என் உதட்டைப் பார்த்துக் கற்றுக்கொள்ளட்டும் என்று. என் குரல் சின்னக் குரல் இல்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

இன்னொன்றும் கவனித்திருந்தேன். பள்ளி வாசலுக்குள் இந்தப் பெண்கள் ஒருவரையொருவர் கூப்பிட, சிரிக்க, சண்டை போட என்று தாராளமாகச் சத்தம் எழுப்புவார்கள். வாசலைத் தாண்டிவிட்டால் உதடு ஒட்டிக்கொள்ளும். அமலாவுடன் ஒருநாள் டீக்கடை வரை போனேன். வழியில் முள் குத்தியது அவளுக்கு. முகம் கோணியதே தவிர ஒரு சத்தம் வரவில்லை.

செப்டம்பரில் ஒரகடத்தில் ஒரு பள்ளி மைதானத்தில் பெண்கள் கபடி நட்புப் போட்டி வைக்கிறார்கள் என்று தெரிந்தது. நான் போய் ரோஸ்லின் டீச்சரிடம் கேட்டேன். அவர் சாவிக்கொத்தை மேசையில் வைத்தார்.

"நீ சொல்லுதது சரிதான் மாலதி. பிள்ளைங்களுக்கு ஆசையாத்தான் இருக்கும். வெளிய கூட்டிட்டுப் போய் நாலு பேர் சிரிச்சா, திரும்பி வந்து அதுங்க முகத்த நாந்தான பாக்கணும்?"

"யாரும் சிரிக்க மாட்டாங்க டீச்சர். நல்லா ஆடுறாங்க."

"ஒரு தடவ போவோம். அசிங்கமாச்சுன்னா அதோட கபடி கிடையாது. கோட்ட அழிச்சிட்டு நீ பழையபடி கணக்கே சொல்லிக்குடு."

கோடு அழியுமா நிற்குமா என்பது அந்த ஒரு போட்டியில் இருந்தது. அமலாவிடம் இதை எழுதிக் காட்டியபோது அவள் அந்தத் தாளை மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டாள்.

சிக்கல் என்னவென்றால், போட்டி நடக்கும் சனிக்கிழமையன்றே மதியம் மூன்று மணிக்குச் சைதாப்பேட்டையில் எங்கள் கல்லூரிக்கு அரையிறுதி. எங்கள் பயிற்சியாளர் மேடம் சொன்னது ஒரே வாக்கியம்: "ரெண்டரைக்கு நீ கிரவுண்டுல இல்லேன்னா உன் ஜெர்சியை வேற ஆளு போடும்." நான் கணக்குப் போட்டேன். ஒரகடத்தில் போட்டி பத்தரைக்கு, பதினொன்றரைக்குள் முடியும். 12.40க்குத் தாம்பரம் பேருந்து. அதைப் பிடித்தால் மின்சார ரயிலில் இரண்டரைக்குள் சைதாப்பேட்டை. அதை விட்டால் அடுத்தது 1.50. அவ்வளவுதான். சமாளித்துவிடலாம் என்று நினைத்தேன். பத்தொன்பது வயதில் எல்லாப் பேருந்தும் நேரத்துக்கு வரும் என்று ஒரு நம்பிக்கை இருக்கும்.

அன்று காலை 8.45க்கு மண்ணூரிலிருந்து வேனில் கிளம்பினோம். ஒன்பது பெண்கள், டீச்சர், நான். ஓட்டுநர் துரை அதே ஊர்க்காரர், முப்பது வயது, வாரநாட்களில் காய்கறி ஏற்றுகிறவர். வேனுக்குள் வெண்டைக்காய் வாசனை. ஒரகடம் இருபத்தைந்து கிலோமீட்டர். இப்போது நீங்கள் கார் தொழிற்சாலையாகவும் கன்டெய்னர் லாரியாகவும் பார்க்கும் இருங்காட்டுக்கோட்டையில் அன்று சாலைக்கு இரண்டு பக்கமும் வயலும் புளியமரமும்தான். எதிரே லாரி வந்தால் துரை மண்ணில் இறக்கி ஓட்டுவார்.

"இன்னாமா, இதுங்களுக்கு விசில் ஊதுனா எப்டிமா தெரியும்?" என்று கேட்டார்.

"பச்சைத் துணி காட்டச் சொல்லியிருக்கோம். துணி இறங்கினா ஆட்டம் நிக்கும்."

"அத்த யோசிச்சிக்கினியா? அப்ப எல்லாம் யோசிச்சிக்கினேன்னு சொல்லு."

ஆமாம் என்றேன். எவ்வளவு தெனாவட்டாகச் சொன்னேன் என்று இப்போதும் காதில் கேட்கிறது.

ஸ்ரீபெரும்புதூருக்கு முன்னால் வண்டியை நிறுத்தினார்கள். அந்த ஆண்டு மே மாதம் அந்த ஊரில் நடந்த குண்டுவெடிப்புக்குப் பிறகு அந்தச் சாலையில் காவல் சோதனை சகஜம். ஓர் இளம் காவலர் உள்ளே தலையை நீட்டி, முன் இருக்கையில் இருந்த அமலாவிடம் பெயர் கேட்டார். அவள் அவர் உதட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "இன்னா, பேர் கேட்டா முறைக்கிற?" என்றார். டீச்சர் அவசரமாக, "காது கேக்காத பிள்ளைங்க சார்" என்றார். காவலர் முகம் சிவந்துபோய், போங்க போங்க என்று கையசைத்தார். அமலாவுக்குத் தன் பெயரைச் சொல்ல வரும். பேச்சு வகுப்பில் நான் கேட்டிருக்கிறேன். ஆனால் வாயைத் திறக்கவில்லை. டீச்சர் அவள் தோளில் தட்டிக்கொடுத்தார், சமர்த்தாக இருந்தாய் என்பதுபோல.

9.50க்கு ஒரகடம். நாலு ரோடு கூடும் இடம், இரண்டு டீக்கடை, ஒரு சைக்கிள் கடை. அங்கிருந்து மைதானம் அரைக் கிலோமீட்டர். போய்ப் பார்த்தால் கோடு போடச் சுண்ணாம்பு இன்னும் வரவில்லை. சுண்ணாம்பு வாங்கப் போன ஆள் எங்கே போனான் என்று தேட இன்னோர் ஆள் போயிருந்தான். ஆட்டம் தொடங்கும்போது மணி 11.40. நான் கைக்கடிகாரத்தைப் பார்க்காமல் இருக்க அதைக் கழற்றிப் பைக்குள் போட்டேன்.

ஊர்ச்சனம் நூறு பேருக்கு மேல் இருக்கும். எதிரணி உள்ளூர்ப் பெண்கள். தலைவி தேவகி, பன்னிரண்டாம் வகுப்பு, கட்டையான உறுதியான உடம்பு, குனிந்து கோட்டைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு வந்தாள். நடுவர் அந்தப் பள்ளி உடற்பயிற்சி ஆசிரியர். பச்சைத் துணி விஷயத்தைப் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். இன்னொன்றும் சொன்னார்: "நீங்க வெளிய நின்னு பாடக் கூடாதும்மா. குழப்பமாயிடும்."

சரி என்றேன். அப்போதும் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

முதல் ரைடு தேவகி. எங்கள் பெண்கள் நாலு பேர் சேர்ந்து அமுக்கினார்கள், ஒரு பாயின்ட். எனக்கு ஒரே பெருமை. அடுத்து அமலா. நடுக்கோட்டைத் தாண்டினாள். உதடு அசைந்தது, க-ப-டி, க-ப-டி, அச்சாக, ஒரு எழுத்துக்கூடப் பிசகாமல். சத்தம் மட்டும் இல்லை. மைதானம் அவ்வளவு அமைதியாக இருந்தது, அவள் காலடிச் சத்தம் கேட்டது. துணி இறங்கியது.

"பாட்டு இல்ல. அவுட்டு."

அடுத்த பெண் போனாள். அதேதான். அதற்கடுத்தவள். அதேதான். உதடு அசைகிறது, நெஞ்சு புடைத்து நிற்கிறது, மூச்சுக்காற்றுகூட வெளியே வரவில்லை. துணி இறங்குகிறது. எதற்கு என்று தெரியாமல் அவர்கள் என்னைப் பார்க்கிறார்கள். கூட்டத்தில் ஒருத்தர், "இன்னாடா இது, சினிமால சவுண்டு பூட்ச்சா?" என்றார். சிரிப்பு பரவியது. நான் டீச்சர் பக்கம் திரும்பவே இல்லை.

பாதி நேரம் முடிந்தபோது 18–6. அந்த ஆறும் பிடித்து எடுத்தவை. ஐந்து நிமிட இடைவேளை. நான் அமலாவின் முன்னால் மண்டியிட்டு, சத்தம் எங்கே என்று சைகையில் கேட்டேன். அவள் குழம்பிப்போய் என்னைப் பார்த்தாள். பிறகு விரலால் மண்ணில் எழுதினாள்: 'மூச்சு விடவில்லை. நீங்கள் சொன்னபடி.'

அப்போதுதான் புரிந்தது. மூச்சு விடாமல் என்று எழுதியிருந்தேன். விடவில்லை. அடக்கிப் பிடித்துக்கொண்டு உதட்டை மட்டும் அசைத்திருக்கிறார்கள், நான்கு மாதமாக, ஒன்பது பேரும். காதால் மொழி கேட்டு வளர்ந்த எனக்கு அந்தச் சொல்லுக்கு ஓர் அர்த்தம். எழுத்தில் மட்டுமே மொழியைச் சந்தித்தவர்களுக்கு அதில் எழுதியிருப்பதுதான் அர்த்தம். யாருடைய வாசிப்பு சரி என்று கேட்டால், அவர்களுடையதுதான். ஒவ்வொரு சனிக்கிழமையும் என் தொண்டையே அவர்களுக்கும் சேர்த்துப் பாடியிருக்கிறது. அது கேட்கிற நிம்மதியில் நான் வேறெதையும் கேட்கவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. நேரம் இல்லாததால் அழவில்லை.

என் தொண்டையில் கை வைத்துக் காட்டி, சத்தமாக, சத்தம் வேண்டும் என்று மண்ணில் எழுதினேன். அமலா சுற்றி நின்ற கூட்டத்தைப் பார்த்தாள். பிறகு எழுதினாள்: 'சிரிப்பார்கள்.' அதற்குக் கீழே கொஞ்சம் தயங்கி, 'டீச்சர் திட்டுவார்கள்.'

அதைப் படித்துக்கொண்டு ரோஸ்லின் டீச்சர் எங்கள் பின்னால் நின்றிருந்தார். எப்போது வந்தார் என்று தெரியவில்லை. போட்டி முடிந்தது, கிளம்புங்கள் என்று சொல்லப்போகிறார் என்றுதான் நினைத்தேன். அவர் புடவையைப் பற்றிக் கவலைப்படாமல் அந்த மண்ணில் உட்கார்ந்தார்.

"நாந்தான் சொல்லிவச்சேன்," என்றார் என்னிடம். "பஸ்ல, ரோட்டுல வாயத் திறக்காதீங்கன்னு. ஒருக்கா ஒரு பிள்ள கடைக்காரன்கிட்ட பேசப்போயி, அவன் அது மாதிரியே திருப்பிப் பேசிக் காட்டினான். அதுலருந்து." பாதியில் நிறுத்திவிட்டு அமலாவின் கையை எடுத்தார். வகுப்பில் செய்வதுபோல அதைத் தன் தொண்டையில் வைத்துக்கொண்டார். நூறு பேர் பார்த்துக்கொண்டிருக்க, வெள்ளைப் புடவைத் தலைமையாசிரியை, "கபடி கபடி கபடி கபடி" என்று மூச்சு தீரும்வரை சொன்னார். பிறகு அந்தக் கையை அமலாவின் தொண்டைக்கு மாற்றினார்.

"சொல்லு."

இரண்டாம் பாதியின் முதல் ரைடு அமலா. கோட்டுக்கு இந்தப் பக்கமே நின்று ஒரு மூச்சு எடுத்தாள். தாண்டினாள். வந்தது. "அபி அபி அபி அபி." முரட்டுக் குரல், எதிர்பார்த்ததைவிட மூன்று மடங்கு பெரியது. கூட்டத்தில் சின்னப் பிள்ளைகள் சிரித்தார்கள், சில பெரியவர்களும். அவளுக்குக் கேட்காது. ஆனால் சிரிக்கிற முகம் தெரியும். தெரிந்தும் நிறுத்தவில்லை. இடது ஓரத்தில் ஒருத்தியைத் தொட்டுவிட்டுத் திரும்பினாள்.

நடுவர் துணியைப் பிடித்துக்கொண்டு யோசித்தார். "கபடின்னு தெளிவா வரணும். ரூல் அதுதான்," என்றார் தயக்கத்தோடு.

தேவகி கையைத் தூக்கினாள். அவளுடைய ஆள்தான் அவுட்டானவள். "சார், மூச்சு அறுபடல சார். நான் கிட்டக்க இருந்து கேட்டேன்."

"கபடியா கேட்டுது?"

"அவளுக்கு அதான் சார் கபடி. வுடுங்க சார். இது வரைக்கும் சும்மா சும்மா பாயின்ட் வந்துக்கினு இருந்துச்சு, எங்களுக்கே ஒரு மாதிரியா கீது."

நடுவர் எங்களுக்கு ஒரு பாயின்ட் என்று விரலைக் காட்டினார்.

அதன்பிறகு ஒவ்வொருத்தியும் ஒவ்வொரு பாட்டு பாடினாள். ஒருத்தி "பபீ", ஒருத்தி வெறும் "ஆ ஆ ஆ", கடைசியாகப் போன சின்னவளுக்கு மட்டும் 'டி' சுத்தமாக வந்தது. இரண்டாம் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டால் நாங்கள் 13, அவர்கள் 9. மொத்தத்தில் 27–19, தோல்விதான். ஜெயித்தோம் என்று எழுத எனக்கும் ஆசைதான், டைரியில் அப்படி இல்லை. கூட்டம் கைதட்டியது. கை தட்டினால் கேட்காதே என்று துரை இரண்டு கையையும் மேலே தூக்கி ஆட்ட, பக்கத்தில் இருந்தவர்களும் ஆட்டினார்கள்.

பையிலிருந்து கடிகாரத்தை எடுத்தேன். 12.34.

டீச்சரிடம் சொல்லிக்கொள்ளக்கூட நேரமில்லை. வேன் சந்துக்குள், முன்னால் இரண்டு மாட்டுவண்டி நின்றது. துரை, "ஓடுமா, ஓடுறதுதான் சீக்கிரம்" என்றார். ஓடினேன். அமலா என் பையைப் பிடுங்கிக்கொண்டு கூடவே ஓடிவந்தாள். அரைக் கிலோமீட்டர். கடைசி வளைவில் திரும்பும்போது பேருந்து கிளம்பிவிட்டது, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. இரண்டு கையையும் ஆட்டினேன். கத்த வாயைத் திறந்தேன், காற்றுதான் வந்தது. தினமும் காலையில் மைதானத்தைப் பத்துச் சுற்று ஓடுகிறவளுக்கு, ஒரே மூச்சில் முப்பது விநாடி பாடுகிறவளுக்கு, அந்த நேரம் பார்த்து மூச்சு இல்லை.

எனக்குப் பின்னாலிருந்து கிளம்பியது அந்தச் சத்தம். "அபி அபி அபி அபி." நடுரோட்டில், இரண்டு டீக்கடையும் திரும்பிப் பார்க்க, ஓடிக்கொண்டே. வெளியாட்கள் முன்னால் அவள் சொல்லிப் பார்த்த ஒரே சொல் அதுதான். வாசலுக்கு வெளியே அவள் சொன்ன முதல் சொல்லும் அதுதான், அதற்கு அரை மணி நேரத்துக்கு முன்னால்.

பேருந்து நின்றது.

நடத்துநர் படியிலிருந்து எட்டிப் பார்த்தார். "யாரும்மா அது, இப்டி கத்துது? எதுனா ஆயிப்போச்சா?"

"ஒண்ணும் ஆகலண்ணே. தாம்பரம் ஒண்ணு."

"அந்தப் பொண்ணு இன்னா சொல்லுது?"

"கபடின்னு சொல்லுதுண்ணே."

அவர் அமலாவைப் பார்த்தார். அவள் பையை என் கையில் திணித்துவிட்டு இடுப்பில் கை வைத்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். "நல்லா கேட்டுச்சு போ," என்று அவளைப் பார்த்துச் சொல்லிவிட்டு விசில் ஊதினார். உதட்டைப் படித்திருப்பாள் என்று நினைக்கிறேன். சிரித்தாள்.

ஒரகடம்–தாம்பரம், படப்பை வழி, மூன்றரை ரூபாய், ஐம்பத்தைந்து நிமிடம். தாம்பரத்தில் 1.55 ரயில். சைதாப்பேட்டை மைதானத்துக்குள் நுழையும்போது 2.37. ஏழு நிமிடம் தாமதம். பயிற்சியாளர் மேடம் ஜெர்சியைக் கொடுத்தார், முதல் பாதி முழுவதும் பெஞ்சில் உட்காரவைத்தார். இரண்டாம் பாதியில் இறக்கினார். நான்கு பாயின்ட் எடுத்தேன், மூன்று பாயின்டில் தோற்றோம். நான் முதலிலிருந்தே ஆடியிருந்தால் ஜெயித்திருப்போம் என்று அணியில் இரண்டு பேர் ஒரு மாதம் என்னிடம் பேசவில்லை. அந்த வருத்தம் எனக்கு இன்றைக்கும் கொஞ்சம் இருக்கிறது. இல்லை என்று சொன்னால் பொய்.

அடுத்த சனிக்கிழமை மண்ணூருக்குப் பயந்துகொண்டேதான் போனேன். பின்பக்கம் போய்ப் பார்த்தால் குச்சியால் கிழித்த கோடு இல்லை. அந்த இடத்தில் வெள்ளை வெளேரென்று சுண்ணாம்புக் கோடு. டீச்சர் கையில் சாவிக்கொத்தோடு ஒரு பச்சைத் துணியும் இருந்தது. கரும்பலகையில் நான் எழுதிய வாக்கியத்தில் 'மூச்சு விடாமல்' என்பதை அடித்துவிட்டு, யாரோ மேலே எழுதியிருந்தார்கள்: 'மூச்சு தீரும் வரை.' அது அமலாவின் கையெழுத்து.

இனி, கேட்ட பெண்ணுக்கும் இதுபோலக் கிளம்ப நினைக்கும் மற்றவர்களுக்கும் சில குறிப்புகள். பூந்தமல்லியிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் போக இப்போது வண்டிக்குப் பஞ்சமில்லை. ஆனால் தொழிற்சாலை ஷிப்ட் மாறும் நேரத்தில் இருங்காட்டுக்கோட்டையிலும் ஒரகடத்திலும் கம்பெனிப் பேருந்துகள் வரிசை கட்டி நிற்கும். காலையில் ஏழு மணிக்கு முன்பே அந்த இடங்களைத் தாண்டிவிடுங்கள். ஒரகடத்தில் இப்போது மேம்பாலமும் ஆறு வழிச்சாலையும் வந்துவிட்டன. எந்தப் பக்கம் நின்றால் எந்தப் பேருந்து என்று கேட்டுக்கொண்டு நில்லுங்கள், குறுக்கே ஓடாதீர்கள். தண்ணீர் கையில் இருக்கட்டும்.

பள்ளிக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போங்கள். கேக் வெட்டிப் புகைப்படம் எடுக்க ஒருநாள் போவதானால் போகவே வேண்டாம், அவர்கள் படிப்பு கெடும். தொடர்ந்து போகிறவர்களைத்தான் அவர்கள் நம்புகிறார்கள். போன இடத்தில் நீங்கள் சொன்னது புரிந்துவிட்டது என்று தலையாட்டலை வைத்து முடிவுகட்டாதீர்கள். அவர்கள் செய்து காட்டும்போது நீங்கள் வாயை மூடிக்கொண்டிருங்கள். நான் அதைச் செய்யாமல் நான்கு மாதம் வீணாக்கினேன்.

இரண்டையும் சமாளிக்க முடியுமா என்றால், முழுதாக முடியாது அம்மா. ஏதாவது ஒரு பக்கம் ஏழு நிமிடம் தாமதமாகத்தான் போய்ச் சேருவாய். இரண்டு பக்கமும் உன்னைத் திட்டுவார்கள். போய்வா.

கடைசியாக ஒன்று. ஒரகடத்தில் பேருந்து உன்னை விட்டுவிட்டுக் கிளம்பினால் கையை ஆட்டிக்கொண்டு நிற்காதே. ஓட்டுநர் கண்ணாடியைப் பார்ப்பார் என்று நம்பாதே. குரல் கொடு. அது எப்படி வந்தாலும் சரி, யார் திரும்பிப் பார்த்தாலும் சரி. வண்டி நிற்கும், நான் பார்த்திருக்கிறேன்.